மூளைக்கட்டியும் ஒளிமருத்துவமும்: சாயத்தில் தொடங்கிய வரலாறு

மூளைக்கட்டிக்கான ஒளியியக்க சிகிச்சை என்பது, கட்டியின் செல்களில் தங்கும் ஒரு சாயப்பொருளை உடலுக்குள் செலுத்தி, அதன்மேல் குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சி, அந்தச் செல்களை மட்டும் அழிக்க முயலும் மருத்துவ முறையாகும். இது ஃபோட்டோடைனமிக் தெரபி என்றும் அழைக்கப்படுகிறது. உடல் முழுவதும் மருந்தைப் பரப்பாமல், நோயுள்ள இடத்தில் மட்டும் சேர்ப்பது இலக்குசார் மருந்தளிப்பு எனப்படும். இவ்விரண்டும் இன்று தனித்தனித் துறைகளாக வளர்ந்திருந்தாலும், பிறந்த இடம் ஒன்றே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துணிக்கு நிறமேற்ற உருவாக்கப்பட்ட செயற்கைச் சாயங்களை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தவர்களே இரண்டுக்கும் வித்திட்டனர்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தறியும் சாயப்பட்டறையும் பலருக்கு அன்றாட வாழ்க்கை. நூல் சாயத்தை ஏற்குமா, வெயிலில் வெளுக்குமா என்ற கேள்விகள் குமாரபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் தொழில் செய்வோருக்குப் பழக்கமானவை. எந்தத் திசு எந்தச் சாயத்தை ஏற்கிறது, ஒளி பட்டால் அந்தச் சாயம் என்ன செய்கிறது என்ற அதே கேள்விகளிலிருந்துதான் இந்த மருத்துவமும் தொடங்கியது. இந்த வரலாற்றை அறிவதில் நடைமுறைப் பயனும் உண்டு. 'லேசர் ஒளியில் மூளைக்கட்டி கரையும்', 'மஞ்சள் தின்றால் புற்று போகும்' என்பன போன்ற செய்திகள் கைப்பேசியில் சுற்றி வருகின்றன. அவற்றில் மெய்ப்பிக்கப்பட்டது எது, ஆய்வுக்கூடத்தில் நிற்பது எது என்று பிரித்துப் பார்க்க இந்த வரலாறு உதவும்.

சாயமும் ஒளியும்

1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தை உருவாக்கினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் நூற்றுக்கணக்கான புதிய சாயங்களைத் தந்தனர். அவற்றுள் 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய ஃபுளோரசீன், அதன் வழிவந்த சிவப்பு நிற இயோசின் ஆகியவை பின்னாளில் மருத்துவத்திலும் இடம்பிடித்தன.

மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் பயின்றார். அக்ரிடின் என்ற பொருள் பாரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிரிக்கு எவ்வளவு நஞ்சு என்று அளப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரே அளவு அக்ரிடின் கலந்தும், உயிரிகள் ஒரு நாள் விரைவாகவும் மற்றொரு நாள் மெதுவாகவும் மடிந்தன. அறைக்குள் வந்த ஒளியின் அளவே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று ராப் கண்டறிந்து 1900இல் வெளியிட்டார். ஒளி மட்டும் பட்டால் உயிரிகள் சாகவில்லை. இருளில் சாயம் மட்டும் இருந்தாலும் அவ்வளவு தீங்கு நேரவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே மரணம் நேர்ந்தது.

1903இல் டப்பைனரும் ஜெசியோனெக் என்ற தோல் மருத்துவரும் தோல் புற்றுநோயின்மேல் இயோசினைத் தடவி ஒளியில் வைத்துப் பார்த்தனர். இந்த வினைக்கு ஆக்சிஜனும் தேவை என்பதை டப்பைனர் 1904இல் காட்டினார். ஆக, சாயம், ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால்தான் வேலை நடக்கும். ஒளியை ஏற்ற சாய மூலக்கூறு தன் ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அதனால் உருவாகும் ஒற்றைநிலை ஆக்சிஜன் மிகுந்த வினைத்திறன் உடையது. அது பிறந்த இடத்தைவிட்டு அதிக தொலைவு செல்லும் முன்பே தீர்ந்துவிடுவதால், சாயம் தங்கிய செல் மட்டும் சிதைகிறது. இந்த முறையின் சிறப்பும் எல்லையும் இதில் அடங்கியுள்ளன.

அதே 1903ஆம் ஆண்டில் டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக நோபல் பரிசு பெற்றார். அவர் சாயம் பயன்படுத்தவில்லை என்றாலும், ஒளியும் ஒரு மருந்தாகலாம் என்ற எண்ணத்தை உலகம் ஏற்றுக்கொள்ள அப்பரிசு வழிவகுத்தது.

நாட்டு மருந்துக் கடையில் ஒரு முன்னோடி

ஒளியையும் ஒரு பொருளையும் சேர்த்து மருத்துவம் செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசி, வெண்புள்ளிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. மருந்தைப் பூசி இளவெயிலில் இருப்பது அந்த மருத்துவத்தின் பகுதி. இவ்விதையில் சோராலென் என்ற பொருள் உள்ளது. சோராலெனும் புற ஊதா ஒளியும் சேர்ந்த சிகிச்சையை 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் சொரியாசிஸ் நோய்க்குப் பயன்படுத்தி வெளியிட்ட பிறகு, அது உலகெங்கும் தோல் மருத்துவத்தில் இடம்பெற்றது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சோராலென் ஒளி பட்டதும் செல்லின் டி.என்.ஏ.வோடு நேரடியாகப் பிணைகிறது. ஒளியியக்க சிகிச்சையில் பயன்படும் சாயங்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் வழியாகச் செயல்படுகின்றன. மேலும், வெண்புள்ளி இருப்பது வெளியே தெரியும் தோலில். மூளைக்கட்டி இருப்பது மண்டையோட்டுக்குள். தோலுக்குச் சென்ற ஒளி மூளைக்குச் செல்லப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

குருதியின் நிறமி

சாயப்பட்டறையின் சாயங்களுக்கு அடுத்து, குருதியிலிருந்து பிரித்தெடுத்த ஹெமட்டோபார்ஃபிரின் என்ற நிறமியின்பால் ஆய்வாளர் கவனம் திரும்பியது. 1912இல் ஃபிரெடரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதில் 200 மில்லிகிராமைத் தம் உடலிலேயே ஊசிமூலம் செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கி வலித்தது. வாரக்கணக்கில் அவர் ஒளிக்கு அஞ்சி இருக்க நேர்ந்தது. இவ்வகை மருந்து பெற்ற நோயாளிகளைச் சில காலம் நேரடி வெயிலில் போகக் கூடாதென்று இன்றும் எச்சரிப்பதற்கு இதுவே காரணம்.

1924இல் பிரெஞ்சு ஆய்வாளர் பொலிகார், எலிகளின் புற்றுக்கட்டிகள் புற ஊதா ஒளியில் செந்நிறமாக ஒளிர்வதைக் கண்டார். கட்டிகளில் இயற்கையாகவே சேர்ந்திருந்த பார்ஃபிரின்களே அந்த ஒளிர்வுக்குக் காரணம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லிப்சனும் அவருடைய குழுவினரும் கட்டியில் நன்றாகத் தங்கும் ஒரு பார்ஃபிரின் கலவையை உருவாக்கினர். பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் தாமஸ் டவ்கர்ட்டி அதைச் சிவப்பு ஒளியுடன் பயன்படுத்தி, 25 நோயாளிகளின் தோல் பகுதிக் கட்டிகளில் கிடைத்த பலனை 1978இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்துக்கு 1993இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், 1995இல் அமெரிக்காவில் உணவுக்குழல் புற்றுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

முதல் தடை: ஒளி உள்ளே போகாது

ஒளி ஏன் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் எளிதாகச் செய்து பார்க்கலாம். இருட்டறையில் டார்ச் விளக்கை விரல்களுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தால் விரல் சிவப்பாகத் தெரியும். விளக்கில் எல்லா நிறங்களும் இருந்தாலும், நீலத்தையும் பச்சையையும் குருதி விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் ஓரளவு ஊடுருவி வருகிறது. அந்தச் சிவப்பும் மூளைத் திசுவில் சில மில்லிமீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் பயன்தரும் அளவில் செல்லும். வெளியிலிருந்து மண்டையோட்டைக் கடந்து கட்டியை அடைவது இயலாது. ஆகவே மூளையில் ஒளியியக்க சிகிச்சை என்றால், அறுவை மருத்துவர் மண்டையைத் திறந்து, கட்டியை எடுத்த குழிக்குள் ஒளியைக் காட்ட வேண்டும். அல்லது மெல்லிய ஒளியிழைகளை ஊசிபோல உள்ளே செலுத்த வேண்டும்.

பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. இதற்குத் தெளிவான எல்லை கிடையாது. அருகம்புல் வேர்போல நல்ல திசுவுக்குள் ஓடியிருக்கும். தெரியும் பகுதி முழுவதையும் எடுத்தாலும், பெரும்பாலும் எடுத்த இடத்தின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்ளேயே மறுபடி முளைக்கிறது. அந்த ஓரத்தில் எஞ்சியிருக்கும் செல்களை ஒளியால் அழிக்க முடியுமா என்பதே மருத்துவர்கள் எழுப்பிய கேள்வி.

1972இல் டயமண்டும் உடன் ஆய்வாளர்களும் எலிகளின் கிளையோமாக் கட்டியில் இதைச் சோதித்தனர். மனிதரில் முதல் முயற்சிகளை இத்தாலியில் பெரியாவின் குழுவினர் 1980இல் வெளியிட்டனர். பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் கனடாவின் டொரான்டோவிலும் பணி தொடர்ந்தது. 2013இல் ஜப்பான் அரசு டாலபோர்ஃபின் சோடியம் என்ற மருந்தைக் கொடிய மூளைக்கட்டிகளுக்கான ஒளியியக்க சிகிச்சைக்கு ஏற்றுக்கொண்டது. தாவரங்களின் பச்சையத்திலிருந்து பெறப்படும் குளோரின் வகைச் சேர்மம் அது. 664 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அதைத் தூண்டுகிறது. பிரான்சின் லீல் நகரில் 10 நோயாளிகளிடம் வேறொரு மருந்தைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. அறுவையின்போதே இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்பதை அவ்வாய்வு காட்டியது. ஆனால் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்து ஆயுளை நீட்டிக்கிறது என்று உறுதிசெய்யும் ஆய்வு இன்னும் போதிய அளவில் இல்லை. ஆகவே பெரும்பாலான நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஒளி, கத்திக்கு வழிகாட்டுதல்

செல்லைக் கொல்வதைவிட, செல்லைக் காட்டுவதில் ஒளி விரைவாக வெற்றி கண்டது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மூர், ஃபுளோரசீன் சாயத்தைச் செலுத்தி மூளைக்கட்டியை ஒளிரச் செய்து பார்த்தார். கண் மருத்துவமனைகளில் விழித்திரைக் குழாய்களைப் படமெடுக்கக் கையில் ஊசியாகப் போடும் மஞ்சள் சாயமும் இதுவே. விலை குறைவானது என்பதால் இன்று இந்திய நரம்பு அறுவை மருத்துவமனைகளிலும் மூளைக்கட்டியின் எல்லையைக் காண இது பயன்படுகிறது.

அடுத்த பெரிய படி, 5-அமினோலெவுலினிக் அமிலம். இது சாயம் அன்று. சாயத்தை உடலையே செய்ய வைக்கும் மூலப்பொருள். குருதியின் ஹீம் பொருளை உருவாக்கும் வழியில் இது இயற்கையாகவே நம் உடலில் இருக்கிறது. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு இதைக் குடிக்கக் கொடுத்தால், கட்டிச் செல்களில் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமி மிகுதியாகச் சேர்கிறது. அறுவை நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டதும் கட்டி செந்நிறமாக மின்னுகிறது. 1990இல் கனடாவில் கென்னடியும் போட்டியரும் தோல் புற்றுக்கு இதைப் பயன்படுத்தினர். ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் அதை மூளைக்குக் கொண்டுவந்தார்.

2006இல் வெளியான அவரது ஆய்வில், சாதாரண ஒளியில் அறுவை செய்தபோது 36 விழுக்காட்டினருக்கே கட்டியின் தெரியும் பகுதி முழுமையாக நீங்கியது. நீல ஒளியின் துணையுடன் செய்தபோது அது 65 விழுக்காடாக உயர்ந்தது. ஆறு மாதம் வரை கட்டி வளராமல் இருந்தோர் 21 விழுக்காட்டிலிருந்து 41 விழுக்காடாயினர். எனினும் மொத்த ஆயுளில் அந்த அளவு தெளிவான வேறுபாடு அந்த ஆய்வில் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐரோப்பா 2007இலும் அமெரிக்கா 2017இலும் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தன.

இரண்டாவது தடை: மருந்து உள்ளே போகாது

ஒளிக்கு மண்டையோடு தடை என்றால், மருந்துக்கு வேறொரு தடை உண்டு. அதையும் சாயமே காட்டிக்கொடுத்தது. 1885இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விலங்கின் குருதியில் சாயத்தைச் செலுத்தியபோது எல்லா உறுப்புகளும் நிறமேறின. மூளை மட்டும் பெரும்பாலும் நிறமேறவில்லை. மூளைக்கு அச்சாயத்தின்மேல் ஒட்டுதல் இல்லை என்று எர்லிக் கருதினார். அவரிடம் பணியாற்றிய எட்வின் கோல்ட்மன், 1913இல் அதே வகைச் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்திக் காட்டினார். இப்போது மூளை நிறமேறியது, மற்ற உறுப்புகள் ஏறவில்லை. மூளை சாயத்தை ஏற்கும், ஆனால் குருதியிலிருந்து சாயம் மூளைக்குள் நுழையவிடாமல் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது என்பது இதனால் விளங்கியது. மூளையின் நுண்குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி இறுகத் தைத்ததுபோல் இணைந்திருப்பதை ரீஸ், கார்னாவ்ஸ்கி ஆகியோர் 1967இல் மின்னணு நுண்ணோக்கியில் கண்டனர். இதுவே குருதி–மூளைத் தடுப்பு.

நச்சுகளிடமிருந்து மூளையைக் காக்கும் இந்த அரண், புற்று மருந்துகளையும் நோக்கி 'வராதே' என்கிறது. நோய்க்குக் காரணமானதை மட்டும் நாடிச் செல்லும் மருந்தை 'மந்திரத் தோட்டா' என்று அழைத்துக் கனவு கண்டவரும் எர்லிக்தான். சாயம் ஒரு திசுவை மட்டும் பற்றுகிறதே, மருந்தும் அப்படிப் பற்றாதா என்பதே அவர் எண்ணம். அவர் கண்ட கனவுக்கு அவர் கண்ட தடுப்பே மூளையில் தடையாக நின்றது.

வேலூரும் சென்னையும்

இந்தியாவில் மூளை அறுவை மருத்துவம் தனித் துறையாகத் தொடங்கியது தமிழ்நாட்டில். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். இவ்விருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

அக்காலத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது. மூளை அறைகளில் காற்றைச் செலுத்தியோ, குழாய்களில் மருந்து செலுத்தியோ எக்ஸ்ரே எடுத்து, கட்டி இருக்குமிடத்தை ஊகிக்க வேண்டும். திறந்து பார்த்தால் பல நேரங்களில் அது புற்றாக இல்லாமல் காசநோய்க் கட்டியாக இருக்கும். மூளையில் கட்டி என்றாலே புற்று என்று அஞ்ச வேண்டாம் என்பதற்கு அந்நாளைய அனுபவமே சான்று.

சாண்டி வேலூரில் அறுவைக்கூடத்தோடு நிற்கவில்லை. நரம்பு வேதியியலுக்கென ஓர் ஆய்வுக்கூடமும் அங்கு உருவானது. அதை நடத்தியவர் கல்கத்தாவில் பிறந்த பிமல் குமார் பச்சாவத். 1950களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வேலூரில் பணிபுரிந்தார். மூளையின் வெண்பொருளைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு எந்த நொதியின் குறை காரணம் என்று அறிவதில் அவர் குழுவுக்குப் பங்குண்டு. 1962இல் அவருக்குப் பட்நாகர் விருது கிடைத்தது.

பின்னர் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் சென்ற பச்சாவத், லிப்போசோம் ஆய்வில் ஈடுபட்டார். லிப்போசோம் என்பது கொழுப்பால் ஆன மிக நுண்ணிய குமிழி. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இதைக் கண்டறிந்தார். அதற்குள் மருந்தை அடைத்து, மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளை முகவரிபோல ஒட்டினால், அந்த முகவரியை அறியும் செல்லுக்கு மருந்து சென்று சேரும். பச்சாவத்தின் குழு இதை ஆராய்ந்தது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் அம்போடெரிசின் மருந்தை லிப்போசோமில் அடைத்து அதன் நச்சுத்தன்மையைக் குறைக்கும் இந்திய முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. மூளை வேதியியலும் இலக்குசார் மருந்தளிப்பும் ஒரே அறிவியலாளரின் வாழ்வில் சந்தித்தன. அதன் முதற்பாதி நிகழ்ந்தது நம் வடாற்காட்டு மண்ணில் என்பது தமிழ் மாணவர்கள் அறிய வேண்டியது.

தடுப்பைக் கடக்கும் வழிகள்

மூளைக்குள் மருந்தைச் சேர்க்க உலகில் நான்கு வழிகள் முயலப்பட்டன.

முதலாவது, தடுப்பினூடே நழுவும் அளவுக்குச் சிறிய மருந்து. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் உருவாக்கிய டெமோசோலமைடு இத்தகையது. 573 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கதிரியக்கம் மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றோருக்கு 14.6 மாதம். இரண்டரை மாத வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தோர் 10 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாக உயர்ந்தனர். அறுவை, கதிரியக்கம், டெமோசோலமைடு என்ற வரிசையே இன்றும் கிளியோபிளாஸ்டோமாவின் அடிப்படைச் சிகிச்சை.

இரண்டாவது, தடுப்பைச் சுற்றிப் போகாமல் மருந்தைக் கட்டி இருந்த குழியிலேயே வைத்துவிடுவது. ஹென்றி பிரெம், ராபர்ட் லாங்கர் ஆகியோர் உருவாக்கிய கார்முஸ்டின் வில்லைகள் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. நாணயம் போன்ற எட்டு வில்லைகள் வரை குழியின் சுவரில் பதிக்கலாம். அவை மெல்லக் கரைந்து மருந்தை விடுவிக்கும்.

மூன்றாவது, மெல்லிய குழாய்வழி மருந்தை அழுத்தத்துடன் மூளைத் திசுவுக்குள் பரவச் செய்வது. 1994இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தினர் இதை வெளியிட்டனர்.

நான்காவது, தடுப்பையே சிறிது நேரம் திறப்பது. குருதியில் நுண்குமிழிகளைச் செலுத்தி, குறிப்பிட்ட இடத்தில் ஒலியலையைக் குவித்தால் நுண்குழாய்களின் இணைப்புகள் தளர்கின்றன. 2001இல் விலங்குகளில் இதை ஹைனினென் காட்டினார். 2015இல் டொரான்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் மூளைக்கட்டி நோயாளி ஒருவரிடம் முதன்முதலாகச் செய்யப்பட்டது.

மஞ்சளை எங்கே வைப்பது

நாமக்கல் மாவட்டத்தின் நாமகிரிப்பேட்டை, திருச்செங்கோடு ஏலங்களில் மூட்டை மூட்டையாக விற்கும் மஞ்சளிலும் ஓர் ஒளியுணர் சாயம் உள்ளது. குர்குமின் என்ற அப்பொருள் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு 1910இல் அறியப்பட்டது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காயவைத்தால் மங்கிவிடுவதைத் தாய்மார்கள் அறிவர். ஒளியை ஏற்று குர்குமின் சிதைவதன் அடையாளம் அது. ஒளியூட்டிய குர்குமின் நுண்ணுயிர்களையும், ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்த புற்றுச் செல்களையும் அழிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மஞ்சளின் காயம் ஆற்றும் பண்புக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமையை இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து 1997இல் நீக்கச் செய்ததும் அறிந்ததே.

ஆனால் மேலே கண்ட இரண்டு தடைகளையும் மஞ்சளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். குர்குமினைத் தூண்டுவது நீல ஒளி. அது திசுவில் ஒரு மில்லிமீட்டர் தூரமே கடக்கத் திணறும். வாய்வழி உண்ட குர்குமின் நீரில் கரையாது. குடல் அதை மிகக் குறைவாகவே ஏற்கிறது. ஏற்றதையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகிறது. மூளைக்குச் சென்று சேர்வது சொற்பம். ஆகவே மஞ்சள் உண்பதால் மூளைக்கட்டி கரையும் என்பதற்குச் சான்று இல்லை. உணவில் மஞ்சள் இருக்கட்டும், ஆனால் சிகிச்சைக்கு மாற்றாக அது ஆகாது.

இந்தத் தடையை உணர்ந்தே ஆய்வாளர்கள் செயல்படுகின்றனர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், குர்குமினைக் குருதிப் புரதமான அல்புமினுடன் இணைத்து, அறுவை செய்த இடத்திலேயே வைக்கக்கூடிய மெல்லிய தகடாக உருவாக்கி, அமெரிக்கக் காப்புரிமை பெற்றுள்ளனர். கார்முஸ்டின் வில்லையின் வழியே இது. எனினும் நோயாளிகளிடம் வழக்கமாகப் பயன்படுத்தும் நிலையை இத்தகைய முயற்சிகள் அடைய, மனிதரில் முறையான சோதனைகள் தேவை.

சேலம், நாமக்கல் சமவெளியில்

மூளைக்குள் ஒளி சேர்வதும் மருந்து சேர்வதும் போலவே, நோயாளி மருத்துவமனைக்குச் சென்று சேர்வதும் இந்த வரலாற்றின் பகுதி. 1950களில் சேலம் மாவட்டத்து நோயாளி ஒருவருக்கு மூளை அறுவை தேவைப்பட்டால், ஏறத்தாழ 200 கிலோமீட்டரிலுள்ள வேலூருக்கோ, அதற்கும் அப்பாலுள்ள சென்னைக்கோ போவதே வழி. ஜோலார்பேட்டை வழி ரயிலில் காட்பாடியில் இறங்க வேண்டும். நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013இல்தான். அதுவரை ராசிபுரம், பரமத்தி, சேந்தமங்கலம் பகுதியினர் முதலில் பேருந்தில் சேலம் சேர வேண்டியிருந்தது.

1986இல் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. 2009இல் தொடங்கி 2012இல் விரிவாக்கப்பட்ட மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஏழைக் குடும்பங்களும் பெரிய அறுவை சிகிச்சைக்குத் துணிய உதவியது. தறி ஓட்டுபவரும் லாரி ஓட்டுபவரும் ஸ்கேன் எடுக்க மாநிலத் தலைநகருக்குப் போக வேண்டிய காலம் மாறியிருக்கிறது.

ஆயினும் தாமதம் இன்னும் நேர்கிறது. பெரியவர் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் இன்றும் உண்டு. இரும்பைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானே நிற்கும். அதனால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது, கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது. புதிதாக வந்த வலிப்பு, காலையில் எழும்போதே வாந்தியுடன் கூடிய தலைவலி, ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சிலோ பார்வையிலோ குணத்திலோ மாற்றம் ஆகியவை தெரிந்தால் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். தலைவலி உள்ள எல்லோருக்கும் கட்டி இருக்காது. கட்டிகளிலும் பல புற்றல்லாதவை, முழுமையாகக் குணமாகக் கூடியவை.

ஒளியின் பெயராலோ மூலிகையின் பெயராலோ யாரேனும் சிகிச்சை அளிக்க முன்வந்தால், இந்த வரலாற்றிலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக் கேட்கலாம். அந்த ஒளி மண்டையோட்டைத் தாண்டி எப்படிக் கட்டியை அடைகிறது? அந்த மருந்து குருதி–மூளைத் தடுப்பைத் தாண்டி எப்படி உள்ளே போகிறது? 1900இல் ராப் கண்டதும் 1913இல் கோல்ட்மன் கண்டதும் இந்த இரண்டு கேள்விகளையே நமக்குத் தந்தன. நூறாண்டுக்கும் மேலாக உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் அவற்றுக்கு விடை தேடி வருகின்றன. ஆய்வாளர்கள் இவ்வளவு பாடுபட்டும் முழுதாகக் கடக்க முடியாத தடைகளை, விடை சொல்லாமலே கடந்துவிட்டதாகச் சொல்பவரிடம் நோயாளியின் நாட்களை ஒப்படைக்கக் கூடாது.